கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைத்தால் குமரி சைக்கிள்காரருக்கு லாபமா?

கேட்டவருக்குத் தக்கலையில் வீடு, நாகர்கோவிலில் வேலை. காலை 9:30 முதல் மாலை 5:30 வரை வேலை; போக்கும் வரத்தும் சைக்கிளில்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்களே, அதை இங்கேயும் செய்தால் இருட்டுவதற்குள் வீடு சேரலாமே, கொஞ்சம் கூடுதலாகவும் மிதிக்கலாமே, ஏன் செய்வதில்லை என்பது அவர் கேள்வி.

வேலைக்குப் போய்வரும் பயணத்துக்கு அதில் இரண்டு சௌகரியம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் உங்களுக்கு வெளிச்சம் தட்டுப்படும் மாதங்கள் கோடையில் வருவதில்லை. உடற்பயிற்சிக்காக விடியற்காலையில் மிதிக்கிறவருக்கோ நேரடியாக நட்டம். நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

நாகர்கோவில் ஏறத்தாழ 8.2 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 36 நிமிடம், மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 39 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஜூன் 21 அன்று சூரியன் 6:04க்கு எழுந்து 6:40க்கு விழுகிறது. டிசம்பர் 21 அன்று 6:28க்கு எழுந்து 6:08க்கு விழுகிறது. ஆனால் சீக்கிரம் இருட்டுவது டிசம்பரில் என்று நினைத்தால் தவறு. நவம்பர் நடுவில்தான் 5:58க்கே சூரியன் மறைந்துவிடும். தாமதமாக விடிவது ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில், 6:40 அளவில். மலையடிவார ஊர்களில் இதற்கு மேலும் சில நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

உச்சிவெயில் இங்கே 12 மணிக்கு இல்லை, சராசரியாக 12:20க்கு. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாகர்கோவில் இருப்பது 77.4 டிகிரியில். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 20 நிமிடம் வந்துவிடும். அதாவது நம் சூரியனைவிடக் கடிகாரம் இப்போதே 20 நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது. இதற்கு மேல் ஒரு மணி நேரம் தள்ளினால் உச்சிவெயில் 1:20க்கு.

லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 21 அன்று அங்கே கடிகாரத்தின்படி 4:43க்கு விடிந்து இரவு 9:21க்கு சூரியன் மறைகிறது. கடிகாரத்தைத் தள்ளாவிட்டால் 3:43க்கு விடியும். அந்த நேரத்தில் எழுந்து அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்த ஆளில்லை. வீணாகும் அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கி மாலையில் வைக்கிறார்கள். திட்டத்தின் சாரமே அவ்வளவுதான். 1895ல் நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன் இதை முன்வைத்ததே சாயங்காலம் பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. 1907ல் இங்கிலாந்தில் இதற்காக வாதாடிய வில்லியம் வில்லெட், ஊர் தூங்கும்போது விடியற்காலையில் குதிரைச் சவாரி போகிறவர். நாடளவில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனி, 1916 ஏப்ரல் 30 அன்று, போர்க்காலத்தில்.

குமரி மாவட்டத்தில் 6 மணி வெளிச்சம் வீணாகிறது என்று யாராவது சொல்ல முடியுமா? தோவாளை பூச்சந்தை அதற்கு முன்பே சூடு பிடித்துவிடும். பால், பத்திரிகை, மீன் எல்லாம் கருக்கலிலேயே கிளம்பிவிடும். மிச்சம் பிடிக்க இங்கே மிச்சமே கிடையாது. மேல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கீழ்ப் பையில் போடுவதுதான்.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். சைக்கிள்காரருக்குக் காலையில் ஒரு மணி நேர வெளிச்சம் மதிப்பா, மாலையில் ஒரு மணி நேரமா?

வேலைக்குக் கிளம்பும் முன் பயிற்சிக்காக மிதிக்கும் ஒருவர் 8:20க்குக் கிளம்பியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் இப்போது அவருக்கு 6:04 முதல் 8:20 வரை, 2 மணி 16 நிமிடம் வெளிச்சம் கிடைக்கிறது. இதில் குளிக்க, சாப்பிட 45 நிமிடம் போனால் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். சராசரி 24 கி.மீ. வேகத்தில் 36 கி.மீ. மிதிக்கலாம். கடிகாரத்தைத் தள்ளினால் 7:04க்குத்தான் விடியும். மிஞ்சுவது அரை மணி நேரம், 12 கி.மீ. பெரிய ஊர்களில் ஏரியைச் சுற்றி இரண்டு சுற்று வந்து திருப்திப்படுகிறவர்களுக்கு அது போதும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போய்வரவே 40 கி.மீ. பக்கம்.

மாலையில் அதே ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறதுதான், சரக்கு வேறு. முதலில் வெயில். காலை 6 மணிக்குத் தரை ஆறிக் கிடக்கும். மாலை 5:30க்கு வேலை முடிகிறது. கடிகாரம் தள்ளப்பட்டிருந்தால் அது இப்போதைய மணிக் கணக்கில் 4:30. ஜூனில் அப்போது சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 29 டிகிரியில் நிற்கும். பகலெல்லாம் காய்ந்த தார்ச்சாலை கீழிருந்தும் சூட்டைக் கக்கும். ஒரு மணி நேரப் பயணத்துக்குக் காலையில் ஒரு பாட்டில் தண்ணீர் போதும் என்றால் இந்த நேரத்தில் இரண்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காற்று. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று எப்படிப் பாயும் என்பதை முப்பந்தல் காற்றாலைகளே சொல்லும். பொதுவாக அதிகாலையில் கொஞ்சம் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். கடலோரத்திலும் கடற்காற்று வலுப்பது பிற்பகலில்தான். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி போகும்போது காற்று முதுகில் தள்ளும். நம் கால்தான் பலம் பெற்றுவிட்டது என்று தோன்றும். திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்கும். பழகியவர்கள் திரும்பும் பாதியை 7:30க்குள் முடித்துவிடுவது இதனால்தான். பக்கவாட்டுக் காற்று இன்னும் மோசம். ஒரு லாரி கடக்கும்போது காற்று சட்டென்று நின்று, அது போனதும் மறுபடி அறையும். ஆழமான விளிம்புள்ள சக்கரம் போட்டவர்கள் அங்கே சாலையின் ஓரத்தோடு ஒட்டிப் போகக் கூடாது. தடுமாற இடது பக்கம் ஒரு மீட்டராவது வேண்டும்.

மூன்றாவது போக்குவரத்து. வாகன நெரிசல் சூரியனைப் பார்க்காது, பள்ளிக்கூட மணியைத்தான் பார்க்கும். காலை 6 மணிச் சாலை காலி. மாலையில் 5:30 முதல் 7:30 வரை தக்கலை, மார்த்தாண்டம், வடசேரி எங்கும் நெரிசல். கடிகாரத்தைத் தள்ளினால் காலியான சாலையில் இருந்த வெளிச்சத்தை எடுத்து நெரிசல் சாலைக்குக் கொடுக்கிறோம். பயிற்சிக்கு இது நட்டம். நெரிசலில்தான் போயே ஆகவேண்டும் என்கிறவருக்கு, நெரிசல் வெளிச்சத்தில் இருப்பது பாதுகாப்பு. இரண்டும் உண்மை.

உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் சாலை மொத்தத்தில் தென்கிழக்காகப் போகிறது. திசைமானியில் ஏறத்தாழ 120 டிகிரி. திரும்பும்போது 300 டிகிரி. டிசம்பரில் சூரியன் எழுவது 114 டிகிரியில். ஜூனில் மறைவது 294 டிகிரியில். ஆகவே குளிர்காலத்தில் காலையில் போகும்போதும், கோடையில் மாலையில் வரும்போதும் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். இந்த வழியில் வேலைக்கு வீடு பார்த்தவர்களின் தலைவிதி.

ஜூனில் 5:30க்குக் கிளம்பி 6:20க்கு வீடு சேர்வீர்கள் என்றால், அந்த 50 நிமிடத்தில் சூரியன் 15 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறங்குகிறது. தொப்பிக் குடையோ ஹெல்மெட் முனையோ இதை மறைக்காது. கடிகாரம் தள்ளப்பட்டிருந்தால் அதே பயணத்தில் சூரியன் 29 டிகிரிக்கும் 17 டிகிரிக்கும் இடையில் இருக்கும். ஹெல்மெட் முனை மறைத்துவிடும்.

கண் கூசுவது உங்களுக்கு மட்டும் இல்லை என்பதுதான் முக்கியம். பின்னால் வரும் லாரிக்காரருக்கும் அதே சூரியன்தான் முகத்தில். அழுக்குக் கண்ணாடி என்றால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடும். அதற்குள் ஒரு சைக்கிள் போவது அவருக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உங்கள் நிழல். நிழல் எந்தப் பக்கம் நீண்டு விழுகிறதோ, அந்தப் பக்கமிருந்து உங்களை நோக்கி வரும் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். நிழல் பின்னால் விழுந்தால் பின்னால் வருபவருக்குத் தெரியமாட்டீர்கள். முன்னால் விழுந்தால் எதிரே வருகிறவருக்கு, குறிப்பாக உங்கள் குறுக்கே வலதுபுறம் திரும்பக் காத்திருப்பவருக்கு. சூரியன் 21 டிகிரியில் இருந்தால் நிழல் உங்கள் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு. 8 டிகிரியில் ஏழு மடங்கு. நான்கு மடங்குக்கு மேல் நீண்டால் பகலாக இருந்தாலும் விளக்கைப் போடுங்கள். தென்னந்தோப்பு ஓரங்களில் நிழலும் வெயிலும் கோடுகோடாகக் கிடக்கும் இடத்தில் நிழல் நீளம் பார்க்கவே வேண்டாம், விளக்கு எரியட்டும்.

இன்னொரு சௌகரியம்: காலையில் 8:20க்குக் கிளம்பினால் அது இப்போதைய மணிக் கணக்கில் 7:20. அலுவலகம் சேரும்போது சட்டை அவ்வளவு நனையாது. மாலையில் அதற்கும் சேர்த்து நனையும், ஆனால் வீட்டில் குளிக்கலாமே.

இப்போது பெரிய ஓட்டைக்கு வருகிறேன். நீங்கள் இருட்டில் வீடு சேர்வது எந்த மாதங்களில்? ஏப்ரலில் 6:30க்கு மேல்தான் சூரியன் மறைகிறது. செப்டம்பர் கடைசியில்கூட 6:11. பிரச்சினை தொடங்குவது அக்டோபரில், நவம்பரில் 5:58, டிசம்பர் கடைசியில் 6:13க்கு மீண்டும் தேறுகிறது. சூரியன் மறைந்த பிறகு நமக்குக் கிடைக்கும் மூவந்தி வெளிச்சமும் 21 முதல் 23 நிமிடம்தான். லண்டனில் கோடையில் அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும். இங்கே விளக்கை அணைத்ததுபோல் இருட்டிவிடும். இந்த மூன்று மாதங்கள்தான் வடகிழக்குப் பருவமழைக்காலமும். மேகம் மூடினால் 5:30க்கே முகம் தெரியாது.

ஐரோப்பாவில் கோடை நேரம் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை. இதில் எதைக் கடன் வாங்கினாலும், நவம்பர் மழையில் நீங்கள் திணறும்போது கடிகாரம் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். தேவையில்லாத ஏழு மாதம் குடை கொடுத்துவிட்டு மழை வந்ததும் பிடுங்கிக்கொள்வதுபோல.

அப்படியானால் ஆண்டு முழுக்கத் தள்ளியே வைக்கலாமே? இலங்கை அதைச் செய்து பார்த்தது. மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் ஒரு மணி நேரம் தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் மீதியையும் கைவிட்டு, நம்முடைய நேரத்துக்கே வந்துவிட்டார்கள். கொழும்பும் நம்மைப்போல் பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால், லண்டன் உதாரணத்தைவிட இது நமக்குப் பொருந்தும். நம் ஊரில் ஒரு மணி நேரம் நிரந்தரமாகத் தள்ளினால் பிப்ரவரி தொடக்கத்தில் 7:40க்கு விடியும். ஏழு மணி டியூஷனுக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகள் கும்மிருட்டில் போக வேண்டும். அரை மணி நேரம் நிரந்தரமாகத் தள்ளலாம் என்ற யோசனை இந்தியாவில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. அது மட்டும் கொஞ்சம் பொருந்தும்: நவம்பரில் 6:28க்கு மறையும், பிப்ரவரியில் 7:10க்கு விடியும். ஆனால் அந்த யோசனை பிறந்தது நமக்காக இல்லை. அசாமில் கோடையில் நாலரைக்கே விடிந்துவிடுகிறது. அங்கே தேயிலைத் தோட்டங்கள் தமக்கென்று ஒரு மணி நேரம் முன்னே ஓடும் தோட்ட நேரமே வைத்திருக்கின்றன. இந்தியா முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியதும் உண்டு, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை. போர் முடிந்ததும் விட்டுவிட்டார்கள்.

பிரிட்டன் 1968 முதல் 1971 வரை குளிர்காலத்திலும் கடிகாரத்தைத் தள்ளியே வைத்துப் பார்த்தது. காலையில் விபத்துக் காயங்கள் கூடின. மாலையில் அதைவிட அதிகமாகக் குறைந்தன. ஆனால் குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான சோதனையும் 1967ல்தான் அங்கே வந்தது. எது எதனால் குறைந்தது என்று பிரிப்பது சிரமம். அந்த ஊர் மாலை நெரிசலுக்குப் பொருந்தியது, ஐந்து மணிக்கு எழும் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

கடிகாரத்தை மாற்றினாலும் மாறாத சைக்கிள்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கருக்கலில் கிளம்புவது, குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால். கடிகாரம் என்ன காட்டினாலும் மரம் அதே நேரத்தில்தான் பால் கொடுக்கும். அவர்களுக்கு மாறுவது கடை திறக்கும் நேரமும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரமும்தான், அதுவும் இடைஞ்சலாக.

இனி, இந்தியாவில் இது இல்லாவிட்டாலும் இதன் பாதிப்பு இப்போதே இருக்கிற ஒரு கூட்டத்தைப் பற்றி. வளைகுடாவில் சொந்தக்காரர் இருக்கிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. துபாயிலோ தோஹாவிலோ மஸ்கட்டிலோ கடிகாரத்தைத் தொடுவதில்லை. நாகர்கோவிலில் உட்கார்ந்து நியூயார்க் நேரத்துக்கும் லண்டன் நேரத்துக்கும் வேலை செய்கிறவர்கள்தான் ஆண்டுக்கு இரண்டு முறை மாட்டுகிறார்கள். நியூயார்க்கின் காலை 9 முதல் மாலை 5 என்பது கோடையில் நமக்கு மாலை 6:30 முதல் இரவு 2:30; குளிர்காலத்தில் 7:30 முதல் 3:30. லண்டனின் 9 முதல் 5:30 என்பது கோடையில் பகல் 1:30 முதல் இரவு 10. குளிர்காலத்தில் 2:30 முதல் 11.

லண்டன் வேலைக்காரர் கோடையில் 11 மணிக்குப் படுத்து 5:30க்கு எழுந்து மிதிக்கலாம், ஆறரை மணி நேரத் தூக்கம். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு படுக்கவே 12 ஆகிவிடும். அதே 5:30 அலாரத்தை வைத்திருந்தால் தூக்கம் ஐந்தரை மணி நேரம். ஒரு வாரம் தாங்கும், இரண்டாவது வாரம் மழைச்சாலையில் கவனம் தப்பும். அந்த ஞாயிறே அலாரத்தை 6:30க்குத் தள்ளி, பயணத்தைக் காலை எட்டரை மணிவரை நீட்டுங்கள், வேலை 2:30க்குத்தானே. நியூயார்க் வேலைக்காரருக்கு இதற்கு நேர்மாறு: நவம்பரில் வேலை ஒரு மணி நேரம் பின்னால் போகிறது, மாலையில் நேரம் கூடுகிறது, ஆனால் வெளிச்சம் ஆறு மணிக்கே போய்விடுகிறது. அவர்கள் 4 மணிக்குக் கிளம்பி 5:45க்குள் திரும்புவதே சரி. மார்ச்சில் அமெரிக்கா மாறியபின் ஐரோப்பா மாற இரண்டு அல்லது மூன்று வாரம் ஆகும், அக்டோபர் கடைசியில் ஒரு வார இடைவெளி வரும். இரண்டு கண்டத்தோடும் கூட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்களில் எந்த மணிக்கும் எந்தக் கூட்டமும் வரும். நீண்ட பயணத்தை அந்த வாரங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கிருந்து அந்த நாடுகளுக்குப் போய் மிதிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. மார்ச்சில் மாறும் இரவில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். ஜெர்மனியில் 2 மணி அடித்ததும் 3 மணி. கைபேசி தானாக மாறிவிடும், கைக்கடிகாரமும் பழைய கம்பி வைத்த சைக்கிள் மீட்டரும் மாறாது. ஜிபிஎஸ் மீட்டர் செயற்கைக்கோளிலிருந்து உலக நேரத்தைத்தான் வாங்குகிறது. உள்ளூர் மணியை அதற்குள் இருக்கும் நேரமண்டலப் பட்டியல் காட்டுகிறது. மென்பொருள் பழையதாக இருந்தால் அந்தப் பட்டியலும் பழையதாக இருக்கும், ஒரு மணி நேரம் தவறும். ஓடிய தூரமும் ஓடிய நேரமும் தவறாது.

ப்ரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம், ஓட்டுகிறவர்களுக்கு இது முக்கியம். 300 கி.மீ. ப்ரெவேக்கு 20 மணி நேரம். சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கிளம்பினால் சாதாரணமாக ஞாயிறு பகல் 2 மணிக்கு முடிய வேண்டும். இடையில் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டால் சுவர்க்கடிகாரத்தில் 3 மணி. அக்டோபரில் பின்னே தள்ளப்பட்டால் 1 மணி. கையில் தரும் பயண அட்டையில் அச்சான மணி எந்தக் கடிகாரத்தின்படி என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் கடிகாரம் முன்னே போகும் வாரத்தில் உயிர்ப்பலி விபத்துகள் சுமார் 6 சதவீதம் கூடுவதாக 2020ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. தூக்கம் குறைந்த ஓட்டுநர்களோடு சாலையைப் பகிர்கிறீர்கள் என்று அர்த்தம். நான்கு நாள் முன்பிருந்தே தினமும் 15 நிமிடம் முன்னதாகப் படுத்து எழுந்தால் உங்கள் பங்குத் தூக்கமாவது தப்பிக்கும்.

உங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பிரச்சினைக்குத் திரும்புகிறேன். அலுவலகத்தில் கேட்டு அந்த மூன்று மாதம் மட்டும் 9 முதல் 5 என்று மாற்ற முடிந்தால், அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது: 5:50க்கு வீட்டில். யாருடைய கடிகாரத்தையும் தொட வேண்டாம். முடியாவிட்டால் விளக்குதான்.

தெருவிளக்கு இருக்கும் பகுதிக்கு முன்விளக்கு 200 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) போதும். தெருவிளக்கு இல்லாத நீட்சிக்கு 400 முதல் 600 வேண்டும். 1000 வாங்கி எதிரே வருகிறவரின் கண்ணில் அடித்தால் அவர் உங்கள்மேலேயே வருவார். கோணம் வைப்பது இப்படி: சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரில் ஒளியின் நடுப்பகுதி 75 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். அப்போது சாலையில் 20 மீட்டரில் தரையைத் தொடும், 25 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 3 நொடி அவகாசம். வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையைப் பார்த்து பிரேக் பிடிக்க அது போதும். ஊருக்குள் 18 கி.மீ. வேகம் என்றால் 50 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள்.

பேட்டரிக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 2600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஒரு 18650 செல்லில் (இத்தகைய விளக்குகளில் வரும் லித்தியம் ரீசார்ஜ் செல்) சுமார் 9.4 வாட் மணி இருக்கும். 500 லூமெனுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 வாட் போகும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வராது, பழைய செல் என்றால் ஒரு மணி நேரம். தினமும் 50 நிமிடம் போட்டால் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று இருந்தால் பாதி வழியில் அணையும். பழைய பாட்டில் டைனமோ 6 வோல்ட், 3 வாட். சார்ஜ் தொல்லை இல்லை, ஆனால் மழையில் டயர் நனைந்தால் அதன் உருளை வழுக்கிச் சுற்றாது. நமக்கு விளக்கு வேண்டிய மாதமே மழை மாதம் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

பின்விளக்கு சிவப்பு, 20 முதல் 50 லூமென், இருக்கைக் குழாயில் தரைக்கு இணையாக. பை தொங்கி மறைக்கிறதா என்று பின்னால் நின்று ஒருமுறை பாருங்கள், பாதிப்பேருக்கு மறைக்கும். புது சைக்கிளோடு வந்த பிரதிபலிப்பான்களைக் கழற்றி எறிந்திருந்தால், லாரிகளில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரை வாங்கி பெடலின் பின்புறமும் அதைத் தாங்கும் கிராங்க் கையிலும் ஒட்டுங்கள். மேலும் கீழும் ஆடும் ஒளியைப் பார்த்ததும் சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். முதுகுப் பட்டையில் அந்த அசைவு கிடையாது.

கடலோரம் போய்வருகிறவர்கள் மாதம் ஒருமுறை விளக்கின் செல் தொடும் தகடுகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை படிந்தால் விளக்கு மங்கும், குலுங்கும்போது அணைந்து எரியும். பழைய பல்துலக்கியில் துளி வினிகர் தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் வாஸ்லைன் மெல்லப் பூசினால் போதும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் அக்டோபருக்கு முன்பே மாற்றுங்கள். மூடி கிடைக்காவிட்டால் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றுங்கள், ஒரு முனையை மடித்து விட்டால் வீட்டுக்கு வந்ததும் இழுத்துப் பிரிக்கலாம்.